சாலம்மாள் போட்ட கையெழுத்து

மரக்காணம்
15.6.2025, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அகால வேளையில் எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அஸ்வினி இப்போதுதான் கண் அசந்தாள். பல் முளைக்கிறது அவளுக்கு. பகல் பூரா இடுப்பைவிட்டு இறங்குவதில்லை. என் வீட்டுக்காரரோ, லைட் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று ஒரு தடவை புரண்டு படுத்து முணுமுணுத்துவிட்டார். விடியுமுன் உப்பளத்துக்குப் போகிறவரை எழுப்பிவிடக் கூடாது.

நீ கேட்டபடி பெரிய எழுத்தாக, வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டு எழுதுகிறேன். மெதுவாகப் படி. ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. போனில் பேசினால் படித்ததெல்லாம் மறந்துபோகும் என்று பஸ் ஏறும்போது நீதான் சொன்னாய். அவசரத்துக்குப் போன், மற்றதுக்கெல்லாம் கடிதம். நான் என் வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். இனி உன் முறை.

சென்னை வீடு எப்படி இருக்கிறது? மாமாவுக்கு வேலை ஒத்துப்போகிறதா? சத்யாவுக்குத் தெரு முனையிலேயே பள்ளிக்கூடம் கிடைத்தது என்று மாமா சொன்னதும்தான் எனக்கு நிம்மதி வந்தது. புது ஊரில் பிள்ளையை எங்கேயோ அனுப்பிவிட்டு நீ தவிக்க வேண்டாம்.

நம் முதியோர் எழுத்தறிவு வகுப்பு கலைந்துவிட்டது அக்கா. தேர்வு முடிந்த கையோடு மேற்பார்வை மேடம் வந்து பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். “எல்லாரும் பாஸ். கையெழுத்து வந்துடுச்சு இல்ல, அதுக்கு மேல என்ன?” என்றார். உப்பு வாரும் மாதங்களில் வகுப்பு வைத்தால் பொம்பளைகள் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறார்கள், மழைக்காலத்தில் அளம் சும்மா கிடக்கும்போது வையுங்கள் என்று கேட்டேன். “அது அடுத்த வருஷக் கணக்கும்மா” என்றார். உனக்குப் பொடி எழுத்து படிக்கச் சொல்லிக் கொடுப்பதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. அங்கே சாயங்கால வகுப்பு ஏதாவது நடக்கிறதா என்று விசாரி. விட்டுவிடாதே.

கடைசி நாள் எல்லோருமாகச் சேர்ந்து கைநாட்டு வைக்கிற மை டப்பாவை அளத்து வாய்க்காலில் வீசினோமே, ஞாபகம் இருக்கிறதா? “உப்பு நீலமா வெளையப் போவுதுடி” என்று லட்சுமியம்மாள் சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

சத்யாவுக்கு என் முத்தம்.

உன் தங்கை,
வினோதினி

*

சென்னை
2.7.2025

வினோவுக்கு அக்கா எழுதறது.

உன் லெட்டர் வந்துது. கொஞ்சம் கொஞ்சமா படிச்சேன். முழுசும் நானே படிச்சேன். யாரையும் கேக்கல.

வீடு சின்னது. கால்வாய் நாத்தம் அடிக்குது. பழகிடும். மாமா குப்பை வண்டியில போறாரு. எனக்கு ஆபீஸ் கூட்டற வேலை. இருட்டுல போயிடுவேன். சத்யா தானே எழுந்து தானே தலை வாரிக்கிறா. வாசல்ல இருந்து பாத்தா பள்ளிக்கூடம் தெரியுது. அதனால பயம் இல்ல. நாலாங் கிளாஸ். டீச்சர் நல்ல மாதிரி.

சாயங்கால வகுப்பு அந்தப் பள்ளிக்கூடத்துலயே நடக்குது. போனேன். சர்டிபிகேட் காட்டினேன். நீங்க பாஸ் பண்ணவங்கம்மா, இது தெரியாதவங்களுக்குன்னு சொல்லிட்டாங்க. அப்போ பெருமையா இருந்துது. வீட்டுக்கு வந்து யோசிச்சா அழுகை வந்துது. எனக்கு இன்னும் பஸ் போர்டு படிக்க வரல. படிக்கறதுக்குள்ள பஸ் போயிடுது.

கை வலிக்குது. நிறுத்தறேன்.

அக்கா சாலம்மாள்

*

மரக்காணம்
13.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அஸ்வினி அதைப் பிடுங்கி வாயில் வைக்கப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் முதுகில் ஒன்று வைத்தேன். அப்புறம் நானும் சேர்ந்து அழுதேன்.

வகுப்பில் சேர்க்காததை நினைத்தால்தான் மனசு ஆற மாட்டேன் என்கிறது. நீச்சல் பழகப் போனவளை இடுப்புத் தண்ணீரில் நிறுத்தி, நீ நீந்தக் கற்றவள் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதைக் கையில் வைத்திருப்பதால் யாரும் உன்னைக் கரைக்கு இழுக்கவும் மாட்டார்கள், ஆழத்துக்குக் கூட்டிப்போகவும் மாட்டார்கள். மேடத்திடம் சொன்னேன். “கம்ப்யூட்டர்ல பாஸ்னு ஏத்தினத எடுக்க முடியாதும்மா” என்கிறார்.

பரவாயில்லை. என் கடிதம்தான் உன் வகுப்பு. ஒவ்வொரு கடிதத்திலும் எழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாக்கிக்கொண்டே வருவேன். கவனித்தாயா? இந்தப் பக்கம் போன தடவையைவிடச் சின்ன எழுத்து. சத்யாவை எதிரில் உட்கார வைத்துப் படி. அவள் திருத்தினால் கோபப்படாதே.

இங்கே வெயில் நன்றாக அடிக்கிறது. உப்பு குவிந்து கிடக்கிறது. அவர் லோடு ஏற்றப் போய்விட்டு ராத்திரிதான் வருகிறார். நானும் பிள்ளையும்தான். ராத்திரி அவள் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். சளியாக இருக்குமோ, வேறு ஏதாவதோ என்று. நீ பக்கத்தில் இருந்தால் ஒரு அதட்டுப் போட்டிருப்பாய்.

வினோதினி

*

சென்னை
18.8.2025

வினோவுக்கு,

ஒரு சந்தோஷ சேதி. சுதந்திர தினத்துக்கு மிட்டாய் குடுத்தாங்க. அப்புறம் அம்மாங்க எல்லாரையும் ஹாலுல உக்கார வச்சாங்க. ஆபீஸ்ல இருந்து ஒரு சார் வந்திருந்தாரு. பள்ளிக்கூடத்தப் பெருசாக்கப் போறாங்களாம். பெரிய கட்டடம், கம்ப்யூட்டர் எல்லாம் வருமாம். அதுக்கு ஒரு பேப்பர்.

கைநாட்டு வைக்கறவங்களுக்குப் படிச்சுக் காட்டணும், லேட்டாகும், கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்க முதல்ல வாங்கன்னு சார் சொன்னாரு. யாரும் எழுந்திரிக்கல. நான் எழுந்தேன். எல்லாரும் பாத்தாங்க. பேப்பர் மேல பெற்றோர்னு இருந்துது. படிச்சேன். பள்ளின்னு இருந்துது. அதுவும் படிச்சேன். மத்தது பொடி எழுத்து. சார் பேனா நீட்டிட்டு நின்னாரு. அவர நிக்க வைக்க வெக்கமா இருந்துது.

முழுப் பேரும் போட்டேன். கோடு தாண்டல. சார் கை குடுத்தாரு. பக்கத்து வீட்டு யுவராணி, சாலம்மாவே போட்டுட்டா, இனிமே என்னாத்தப் படிச்சுக் காட்டறது, நேரமாச்சு, டப்பாவ இப்படித் தள்ளுங்கன்னா. அப்புறம் எல்லாரும் மடமடன்னு வச்சிட்டாங்க.

நீ கத்துக் குடுத்தது வினோ. உன்ன நெனச்சுக்கிட்டேன்.

அக்கா சாலம்மாள்

*

மரக்காணம்
30.8.2025, இரவு

என் அருமை அக்காவுக்கு,

பதில் தாமதம். அஸ்வினிக்குக் காய்ச்சல். ராத்திரியெல்லாம் நெற்றியில் துணி நனைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்குத்தான் இட்லி கேட்டு அழுதாள். அவள் அழுகை அவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அளத்துப் பொம்பளைகள் வேலை முடிந்து போகும்போது நிறுத்தி, வாசலிலேயே படித்துக் காட்டினேன். “நம்ம சாலா மெட்ராஸ்ல கை குடுக்கற அளவுக்கு வந்துட்டாளா” என்று ஒருத்திக்கொருத்தி இடித்துக்கொண்டார்கள். லட்சுமியம்மாள் மட்டும் கேட்டாள், “அதுல என்ன எழுதியிருந்துதாம்? படிச்சுக் காட்டினாங்களாமா?” என்று. நான் சிரித்தேன். “கையெழுத்துப் போடறவளுக்கு யாராவது படிச்சுக் காட்டுவாங்களா அத்தை?” என்றேன்.

அதைச் சொன்னதும் நம் அம்மா ஞாபகம் வந்தது. அளத்து ஆபீசில் கட்டை விரலைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நிற்குமே. “மொதல்ல வாசி. ரெண்டு தடவ வாசி. ரெண்டு தடவையும் ஒரே மாதிரி இருந்தாத்தான் வெரல் வெளிய வரும்.” கணக்குப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பார். நமக்கு வெட்கமாக இருக்கும். சீக்கிரம் வாம்மா என்று முந்தானையை இழுப்போம். அந்த அவமானமெல்லாம் உன்னோடு தீர்ந்தது அக்கா.

பள்ளிக்கூடம் பெரிதாவது நல்ல சேதிதான். சத்யா அதிர்ஷ்டக்காரி.

வினோதினி

*

சென்னை
9.10.2025

சித்திக்கு,

நான் சத்யப்ரியா. அம்மா சொல்லச் சொல்ல எழுதுறேன். அம்மா பேனாவத் தொட மாட்டேங்குறாங்க. அழுறதையும் எழுதணுமான்னு கேட்டேன். வேணாம்னு சொன்னாங்க.

வினோ, காலாண்டு லீவு முடிஞ்சு சத்யா பள்ளிக்கூடம் போனா. கேட்டு பூட்டியிருக்கு. உள்ள பெஞ்செல்லாம் லாரியில ஏத்தறாங்க. வாட்ச்மேன், இனிமே ஹார்பர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போங்க, இது அதோட சேந்துடுச்சுன்னாரு. பெருசாக்கறதுன்னா அதுதானாம். கேட்டுல ஒட்டியிருந்த பேப்பர சத்யா படிச்சா. பெற்றோர்கள் எழுத்து மூலம் சம்மதம் தந்ததன் பேரில்னு போட்டிருக்கு. சாயங்கால வகுப்பும் போச்சு.

அந்த ரோட்ட நீ பாத்ததில்ல. கன்டெய்னர் லாரி ஒண்ணு பின்னாடி ஒண்ணு போய்க்கினே இருக்கும். சிக்னல் கிடையாது. நானும் மாமாவும் இருட்டுல வேலைக்குப் போயிடறோம். யார் கொண்டு போய் விடுவாங்க?

யுவராணி வாசல்ல வந்து நின்னு தெருவே கேக்கற மாதிரி கத்தறா. ஏ படிச்சவளே, என்னாத்தப் படிச்சுக் கிழிச்ச? உன் மூஞ்சியப் பாத்துதான நாங்க வெரல வச்சோம்? எங்களுக்குப் படிச்சுக் காட்ட இருந்தத நீதான்டி கெடுத்தன்னு. நான் உள்ள உக்காந்திருந்தேன். அவ சொன்னது பொய் இல்ல.

என்ன செய்யறதுன்னு சொல்லு.

சித்தி, அம்மா அடுப்புகிட்டப் போயிருக்காங்க. இது நானா எழுதுறது. எனக்குப் புதுப் பள்ளிக்கூடம் போகணும். ஆனா ரோடு தாண்டப் பயமா இருக்கு. லாரி டிரைவருக்கு நான் தெரிய மாட்டேன், குள்ளமா இருக்கேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க.

சத்யப்ரியா, நான்காம் வகுப்பு

*

மரக்காணம்
14.10.2025, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. இருந்தாலும் தைரியமாக இரு. இதைச் சரி செய்ய முடியும். நான் பி.ஏ. படித்தது எதற்கு?

இதோடு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று யாரும் விளக்கவில்லை, பிள்ளைகள் தனியாகச் சாலையைக் கடக்க முடியாது, பள்ளியை அதே இடத்தில் திறக்க வேண்டும், அதுவரை கடக்க ஆள் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். நீ யுவராணி வீட்டுக்குப் போ. திட்டினால் வாங்கிக்கொள். எல்லோரையும் கூட்டிவைத்து, சத்யாவை விட்டு மனுவைச் சத்தமாகப் படிக்கச் சொல். அப்புறம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கு. ஒருநாள் லீவு போட்டுவிட்டு ஆபீசுக்கு நேரில் போய்க் கொடு.

போகும்போது உன் சான்றிதழையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போ. நல்ல புடவை கட்டு. ஒன்றும் தெரியாதவள் வந்து நிற்கிறாள் என்று தள்ளிவிடக் கூடாது. படித்தவள் என்று தெரிந்தால் உட்காரச் சொல்வார்கள், காது கொடுத்துக் கேட்பார்கள்.

தீபாவளிக்கு முன்னாலேயே போய்விடு. சத்யாவுக்குப் பாவாடைத் துணி அனுப்புகிறேன். புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது போட்டுக்கொள்ளட்டும்.

வினோதினி

*

சென்னை
14.11.2025

வினோ,

போனேன். நல்ல புடவ கட்டிக்கினு போனேன். யுவராணியும் வந்தா. மனுவக் குடுத்தோம். சர்டிபிகேட்டயும் குடுத்தேன்.

அந்த சார் பைல எடுத்தாரு. நான் போட்ட கையெழுத்துதான் மேல இருந்துது. சர்டிபிகேட்டப் பக்கத்துல வச்சுப் பாத்தாரு. ஒண்ணும் தெரியாத பொம்பளைங்க வெரல் வச்சிட்டாங்கன்னா நானே மேல எழுதலாம்மா, நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்கன்னு கவர்மெண்டு சர்டிபிகேட்டே இருக்கே, படிச்சுப் பாத்துதான போட்டீங்கன்னு கேட்டாரு. மரியாதையாதான் கேட்டாரு. உக்காரச் சொன்னாரு. டீ கூட வாங்கிக் குடுத்தாரு. படிக்கத் தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. யுவராணி என்னையே பாத்துக்கினு இருந்தா. ஆமான்னு சொல்லிட்டேன்.

வர்ற வழியெல்லாம் அவ எனக்கு முன்னாடியே வேகமா நடந்தா.

போன வாரம் அவ மகன் கிருபாவ லாரி இடிச்சிருச்சு. ரோடு தாண்டும்போது. உயிர் இருக்குது. கால்ல கம்பி வச்சிருக்காங்க. நடப்பானான்னு சொல்ல மாட்டேங்கறாங்க. பாக்கப் போனேன். யுவராணி வாசல்ல நின்னா. திட்டல. திட்டியிருந்தா நல்லாருக்கும். போயிடு சாலான்னு மட்டும் சொன்னா.

சத்யாவ அந்தப் புதுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவே மாட்டேன். என்கூடவே வேலைக்கு வர்றா. அவ கூட்டறா, நான் துடைக்கறேன். உன் பாவாடைத் துணி அப்படியே இருக்குது.

மை டப்பாவ வீசினது தப்பு வினோ. அது இருந்த வரைக்கும் எனக்கு எல்லாரும் படிச்சுக் காட்டினாங்க.

சர்டிபிகேட்ட கால்வாயில போட்டுட்டேன். இனிமே எனக்கு லெட்டர் போடாத. படிக்க வேணாம்.

சாலம்மாள்

*

மரக்காணம்
7.12.2025, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

போட வேண்டாம் என்றாய். போடுகிறேன். நேரமும் வழக்கம்போல அகாலம்தான். மன்னித்துக்கொள்.

போன் செய்தால் மாமாதான் எடுக்கிறார். “அவ தூங்கறாம்மா” என்கிறார். பின்னால் உன் வளையல் சத்தம் கேட்கிறது. பாத்திரம் தேய்க்கிறாய். நீ கேட்டுக்கொண்டு நிற்கிறாய் என்று நினைத்துக்கொண்டு, அஸ்வினி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். தேய்க்கிற சத்தம் நின்றது. அப்புறம் மறுபடி ஆரம்பித்தது.

மழை விடவில்லை. பாத்தி, வரப்பு எதுவும் தெரியாமல் அளம் முழுக்க ஒரே தண்ணீர். பொம்பளைகள் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார்கள். மத்தியானத்தில் ஐந்தாறு பேர் தலையில் கோணிச்சாக்கைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறார்கள். வகுப்பு என்று யாரும் சொல்வதில்லை. மேடத்துக்குத் தெரியாது. தெரிந்தாலும் இவர்களும் பாஸானவர்கள், கணக்கில் வர மாட்டார்கள்.

உன் கடிதத்தை நான் அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை. லட்சுமியம்மாள் மட்டும் ஒருநாள் மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து கேட்டாள். சொன்னேன். மறுநாள் வரும்போது புது மை டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். “இதையும் வச்சுக்க. வேண்டியிருக்கும்” என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்குப் படிச்சுக் காட்டினாங்களாமா என்று கேட்டவள் அவள்தானே. சிரித்தவள் நான்.

கிருபாவை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அஸ்வினி தத்தித் தத்தி நடந்து வாசற்படி தாண்டும்போதெல்லாம் அந்தப் பையனின் கால்தான் கண் முன் வருகிறது. ஓடிப்போய்த் தூக்கிக்கொள்கிறேன். யுவராணிக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. யார் அவளுக்குப் படித்துக் காட்டுவார்கள்? நீதான் காட்ட வேண்டும். அதனால் எழுதவில்லை.

நான் ஒன்று மட்டும் கேட்கிறேன் அக்கா. சத்யாவை இங்கே அனுப்பிவிடு. நம் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் தாண்ட ஒரு ரோடும் இல்லை. தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டேன், பொங்கல் கழித்து வந்தாலும் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார். என் வீட்டுக்காரர், “நம்ம வீட்டுப் பிள்ளைதான, அனுப்பச் சொல்லு” என்றார். காலையில் நான் தலை வாரி விடுகிறேன். உன்னை மாதிரி இறுக்கமாகப் பின்ன வராது, திட்டிக்கொண்டாவது வாரிக்கொள்ளட்டும். என்மேல் உனக்கு இருக்கிற கோபம் அப்படியே இருக்கட்டும். அதைக் குறை என்று நான் கேட்கவில்லை. பிள்ளையை மட்டும் அனுப்பு. துடைப்பத்தை அவள் கையிலிருந்து வாங்கிவிடு.

இந்தக் கடிதத்தைப் பழையபடி பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். படிக்க வேண்டாம் என்று நீ சொன்னதால் இனி சத்யாவிடம் சொல்கிறேன். சத்யா, கண்ணு, இதைப் பிரித்தது நீயாக இருந்தால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசி. ரெண்டு தடவை வாசி. ரெண்டு தடவையும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அம்மா கேட்கட்டும்.

அக்கா, உள்ளே என் விலாசம் எழுதின கவரும் வெள்ளைத் தாளும் வைத்திருக்கிறேன். எழுதப் பிடிக்கவில்லை என்றால் எழுத வேண்டாம். வாசித்ததைக் கேட்டு, சத்யாவை அனுப்பச் சம்மதம் என்றால், அந்தத் தாளில் உன் கட்டை விரலை வைத்து அனுப்பு. எனக்குப் புரியும்.

சீக்கிரம் பதில் போடு அக்கா.

வினோதினி